இரண்டு சிவப்பு கேன்

பழைய 125 சிசி டூ ஸ்ட்ரோக் பைக்கையே வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு 250 ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறுவதா என்று ஆறு மாதமாக வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். மண் ட்ராக்கில் மேடு பள்ளம் தாவி ஓட்டும் பைக் பந்தயமான மோட்டோகிராஸில் நான் அமெச்சூர் பிரிவு. முதலில் வர வேண்டும் என்ற பேராசை கிடையாது. கடைசியில் வரக் கூடாது, அவ்வளவுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனைவி ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "என் தம்பிகிட்ட ஃபோர் ஸ்ட்ரோக்தானே இருக்கு? ஒருநாள் வண்டிய மாத்தி ஓட்டிப் பாருங்க. அப்புறம் இந்த வீட்ல சாப்பிடும்போது பிஸ்டன் பேச்சு வரக் கூடாது."

மச்சானிடம் இந்தப் பேச்சை எடுத்தால் 1997இல்தான் தொடங்குவான். அந்த வருடம் லாஸ் வேகஸில், ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸான சூப்பர்கிராஸில், டக் ஹென்றி என்பவர் யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் வந்து, டூ ஸ்ட்ரோக்காக நின்ற கூட்டத்தை ஜெயித்தார். மறுவருடம் யமஹாவின் ஒய்இசட்400எஃப் மாடலில் அமெரிக்க தேசிய மோட்டோகிராஸ் பட்டத்தையே தூக்கினார். "அன்னிக்கே டூ ஸ்ட்ரோக் கதை முடிஞ்சுது மாமா" என்பான். முடியவில்லை. யமஹாவும் கேடிஎம்மும் இன்றுவரை செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஹோண்டா 2007 மாடலோடு மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்கை நிறுத்திவிட்டது என்று அவன் அடுத்த அம்பை எடுப்பதற்குள் நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

125ஐ 250ஓடு மோதவிடுவது அநியாயமாகத் தெரியலாம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் என்ற இன்ஜின் தண்டு ஒருமுறை சுற்றினாலே ஒரு வெடிப்பு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதனால்தான் 125க்கு எதிரே 250, 250க்கு எதிரே 450 என்று ஒரே பிரிவில் நிறுத்தும் வழக்கம் வந்தது. காகிதத்தில் கணக்கு சரியாக வரும். ட்ராக்கில் வருமா என்று பார்க்கத்தான் ஒரு பயிற்சி நாளில் வண்டிகளை மாற்றிக்கொண்டோம்.

கிளம்பும் முன் நான் அவனுக்கு ஒரே ஒரு அறிவுரை சொன்னேன்: "கிளட்ச் மேல எப்பவும் ஒரு விரல் இருக்கட்டும்." டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்களுக்கு அந்த விரல் காப்பீடு மாதிரி. இன்ஜின் திடீரென்று பிடித்துக்கொண்டால் கிளட்ச்சை இழுத்தால்தான் பின்சக்கரம் சுற்றும். "சரி மாமா" என்றான். அந்த 'சரி'யை நான் நம்பியிருக்கக் கூடாது.

முதல் சுற்றிலேயே எனக்கு ஞானம் பிறந்தது. என் 125இல் வளைவிலிருந்து வெளியே வருவது ஒரு தனி உத்தியோகம். இரண்டாவது கியர், கிளட்ச்சைக் கடித்துக் கடித்து விட்டு, இன்ஜினை நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேலே அலறவிட்டு, கொஞ்சம் தாமதித்தால் 'ம்ம்ம்' என்று உட்கார்ந்துவிடும். பிறகு திடீரென்று வேகம் பிறந்து, கைப்பிடி மட்டும் நம் கையில் இருக்கும். இவன் வண்டியில் மூன்றாவது கியரில் சோம்பேறியாக உள்ளே போய் ஆக்சிலரேட்டரைத் திறந்தால், டிராக்டர் மாதிரி இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இத்தனை வருடம் நான் ஓட்டியதற்குப் பெயர் ஓட்டுவதே இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டாவது வளைவில் அடுத்த பாடம். பழக்கதோஷத்தில் என் வண்டிக்கு மூடும் இடத்தில் ஆக்சிலரேட்டரை மூடினேன். டூ ஸ்ட்ரோக் மூடினால் அது பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினே பிரேக் பிடிக்கும். வளைவுக்குப் பத்தடி முன்னாலேயே வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நான் நடுப்பாதையில். பின்னால் வந்த பையன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னது நல்லவேளை கேட்கவில்லை. அதே வளைவுக்கு மச்சான் என் 125இல் வந்தான். ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கும் என்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். அது நிற்கவில்லை. எல்லைக் கயிற்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

எடை விஷயம் கீழே போட்டபோதுதான் தெரிந்தது. என் வண்டி பெட்ரோலோடு சுமார் 95 கிலோ, அவனது ஒரு பத்துக் கிலோ கூட. ஓடும்போது அந்தப் பத்துக் கிலோ எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சேற்றில் படுத்த வண்டியை மூன்றாவது முறை தூக்கும்போது, எல்லாம் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது.

இடைவேளையில் இரண்டு டேங்க்கிலும் பெட்ரோல் அடி தட்டியது. எங்கள் இருவரிடமும் ஒரே மாதிரி சிவப்பு கேன், ஒரே நாளில் ஒன்றாக வாங்கியவை. டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும்; என் கேனில் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மில்லி டூ-டி ஆயில், 32க்கு 1 கணக்கு. பையனின் பழைய பால் புட்டியில் அளந்து ஊற்றுவேன். அவன் கேனில் வெறும் பெட்ரோல். நான் என் கேனை எடுத்து நான் ஓட்டும் வண்டியில் ஊற்றினேன். அவன் அவனுடைய கேனை எடுத்து அவன் ஓட்டும் வண்டியில் ஊற்றினான். வாக்கியமாகப் படித்தால் ஒரு தப்பும் இல்லை.

மறுபடி ட்ராக்கில் இறங்கினோம். எனக்கு அந்த வண்டி இப்போது இன்னும் பிடித்துப்போயிற்று. ஏதோ ஒரு நெருக்கம், நம் வீட்டு வாசம். அந்த இனிப்பான எரிந்த ஆயில் வாசம்தான். ஃபோர் ஸ்ட்ரோக்கிலிருந்து அந்த வாசம் வரக் கூடாது என்று மூளைக்குத் தோன்றவே இல்லை. பின்னால் வந்தவர் ஒருவர் என் புகைக்குழாயைக் காட்டிக் கையாட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கையாட்டினேன்.

மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில், என் 125இன் குரல் மாறியது தூரத்திலிருந்தே கேட்டது. பத்து வருடம் கூடவே வாழ்ந்தவனுக்கு இருமல் எது, இழுப்பு எது என்று தெரியாதா? கொசு ரீங்காரம் ஒரு நொடி இறுகி, கம்மி, 'க்ரீச்'. அப்புறம் நிசப்தம். ஆயில் இல்லாத வெறும் பெட்ரோலில் பிஸ்டன் சூடேறி சைலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. சீஸ் ஆகிவிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்ப, மச்சானின் விரல் எங்கே இருந்ததோ, கிளட்ச் மேல் இல்லை.

மஞ்சள் கொடியைப் பார்த்து ஓடினேன். அடி ஒன்றும் இல்லை. மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். "மாமா, உங்க வண்டி என்னமோ மூடுல இல்ல." கிக்கரை மிதித்தேன். சுவரை மிதித்த மாதிரி இருந்தது. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். பெட்ரோல் வாசம். அப்பாவியான, சுத்தமான பெட்ரோல் வாசம் மட்டும். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவன் வண்டியைப் பார்த்தோம்.

அதற்கு என்ன ஆயிற்று என்கிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை. டேங்க்கைக் காலி செய்து நல்ல பெட்ரோல் ஊற்றி, கறுத்திருந்த பிளக்கைத் துடைத்துப் போட்டு, பட்டனைத் தட்டினோம். எதுவும் நடக்காதது போலக் கிளம்பிவிட்டது.

அன்று இரவே வீட்டுப் பின்பக்கம் பழைய போர்வையை விரித்து இன்ஜினைப் பிரித்தோம். ஹெட்டைக் கழற்றி, சைலிண்டரை மேலே உருவினால் பிஸ்டன் கைக்கு வந்துவிடும். புகைக்குழாய்ப் பக்கம் முழுக்க நெடுக்குக் கோடுகள், யாரோ கரண்டியால் சுரண்டியது போல. சைலிண்டர் பூச்சு உரியவில்லை, ஒட்டியிருந்த அலுமினியத்தை எடுத்தால் போதும். பிஸ்டன், ரிங், பின், பேரிங், கேஸ்கெட் என்று ஒரு செட் எப்போதும் அலமாரியில் வைத்திருப்பேன், மற்றவர்கள் மாத்திரை வைத்திருப்பது போல. எல்லாம் நன்றாகத்தான் போனது, பிஸ்டன் பின்னைப் பிடித்துவைக்கும் குட்டிக் கம்பி வளையமான புது சர்க்கிளிப்பை நான் மாட்டும்வரை. 'டிங்' என்று ஒரு சத்தம். கிராங்க் வாயைத் துணியால் அடைத்திருந்ததால் உள்ளே போகவில்லை என்பது மட்டும் உறுதி. வெளியே உலகம் பெரியது. அரை மணி நேரம் மூன்று பேர் டார்ச்சோடு தவழ்ந்தோம். கடைசியில் மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக் கொண்டுவந்து போர்வையில் ஒரு தடவு தடவி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும் வழியில் நகப்பூச்சால் ஒரு கேனில் 'அவர்' என்றும் இன்னொன்றில் 'தம்பி' என்றும் எழுதிவிட்டாள்.

காலையில் மூன்றாவது மிதியில் வண்டி கிளம்பியது. மச்சான் கையிலிருந்த பழைய பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவ்ளோதானா மாமா இன்ஜின்? வால்வு இல்ல, கேம் இல்ல, செயின் இல்ல..." அவன் கண்ணில் ஒரு பளபளப்பு. 1997 எங்கோ போய்விட்டது. நானோ அந்த மூன்றாவது கியரையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் அபிப்பிராயம் இது: டூ ஸ்ட்ரோக் அடிக்கடி, சின்னதாகச் செலவு வைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் அபூர்வமாக, ஆனால் வால்வு, ஹெட் என்று குடும்பத்தோடு வந்து செலவு வைக்கும். தெரிந்தேதான் ஆசைப்பட்டேன்.

ஒரு மாதத்தில் வண்டிகளை மாற்றிக்கொண்டோம். கொடுக்கல் வாங்கலை அக்காவும் தம்பியும் பேசி முடித்தார்கள். ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில், இத்தனை மணி நேரத்தில் வால்வு இடைவெளி என்று எழுதிய நோட்டு ஒன்றை அவன் என் கையில் கொடுத்தான். நான் அவனுக்குப் பால் புட்டியைக் கொடுத்தேன். எனக்கென்று இன்னொன்று அலமாரியில் இருந்தது. அதைக் கொடுக்கத் தோன்றவில்லை.

அடுத்த போட்டி நாள் காலை. எங்கள் பிரிவைக் கூப்பிடப் பத்து நிமிடம் இருந்தது. என் ஃபோர் ஸ்ட்ரோக்கின் டேங்க்கைத் திறந்து, 'அவர்' கேனைச் சாய்க்கப் போனவன், ஏதோ உறுத்தி நிறுத்தினேன். பத்து வருடப் பழக்கத்தில், முந்தைய இரவு என் கேனில் ஆயிலை அளந்து கலந்திருந்தது நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, இன்னொரு கேன் இருக்கிறதே. மச்சானைக் கூப்பிட்டேன். அவன் பெருமையாக வந்து, தானும் விடிகாலையில் எழுந்து 32க்கு 1 கச்சிதமாகக் கலந்துவிட்டதாகச் சொன்னான்.

மனைவி இரண்டு கேனையும் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே வாசம்தான் வருது" என்றாள்.

பக்கத்து வண்டிக்காரர் அப்போதே எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். காலி புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் நடந்தேன்.