லா கிளர்க் டேர்ம் முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க

நம்ம வேலூர் பக்கத்துப் புள்ளைங்க ஹைகோர்ட் ஜட்ஜ்கிட்ட லா கிளர்க்கா, அதாவது ஜட்ஜுக்காக கேஸ் படிச்சு நோட்டு எழுதித் தர்ற வேலைல, சேர்ந்தா, கொஞ்ச நாள்ல என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான், "அக்கா, டேர்ம் முடிஞ்சதும் லா ஃபர்முக்கு அப்ளை பண்ணிக்கலாமா?" முடிஞ்சதும் வேணாம்டா, மூணு நாலு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க.

பெரிய ஃபர்முங்க நேஷனல் லா யுனிவர்சிட்டி கேம்பஸுக்கே போய் ஆள் எடுத்துடறாங்க, அந்த வரிசையில நாம இல்ல. நமக்கு வர்றது, யாராவது வேலைய விட்டுட்டுப் போனா காலியாகற இடம்தான். மார்ச்ல கணக்கு முடிஞ்சு இன்க்ரிமென்ட், போனஸ்னு கைக்கு வந்தப்புறம்தான் முக்கால்வாசிப் பேர் பேப்பர் போடுவாங்க (ராஜினாமா பண்ணுவாங்க), நோட்டீஸ் பீரியட் ரெண்டு மூணு மாசம் ஓடும், அதனால ஏப்ரல்ல பேப்பர் போட்டவங்க இடம் ஜூன் ஜூலைல காலியாகும். உங்க டேர்ம் ஜூன்ல முடியுதுன்னா மார்ச் கடைசிலயே உங்க சிவி அவங்க கையில இருக்கணும். மே மாசம் ஹைகோர்ட்டுக்கு சம்மர் வெக்கேஷன், இன்டர்வியூவ அப்போ வெச்சுக்கச் சொல்லிக் கேளுங்க, தப்பில்ல. ஊருக்கு வந்திருந்தாலும் காட்பாடில விடிகாலைல ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சா ஆபீஸ் தொறக்கற நேரத்துக்கு சென்ட்ரல்ல இறங்கிடலாம்.

ஆனா முதல் மெயில் போறதுக்கு முன்னாடி ஜட்ஜ்கிட்ட சொல்லிடுங்க. நீங்க அப்ளை பண்ற ஃபர்ம் அதே கோர்ட்ல கேஸ் நடத்திகினு இருக்கலாம், அந்த கேஸ் கட்டு உங்க டேபிள் மேலயே இருக்கலாம். சொல்லிட்டா அந்த கேஸ்ல உங்களக் கை வெக்க விடமாட்டாங்க, அவ்வளவுதான். சொல்லாம இருந்து அப்புறம் வெளிய தெரிஞ்சா, உங்க பேரு மட்டும் இல்ல, அந்த ஜட்ஜ் போட்ட ஆர்டர் மேலயே சந்தேகம் வரும்.

போன மாசம் சத்துவாச்சாரி கோர்ட் வாசல்ல ஒரு தங்கச்சி போன நீட்டி, "மெயில் ரெடிக்கா, அனுப்பிடட்டா"ன்னு கேட்டா. சிவி அழகா ஒரே பக்கம். கீழ இன்னொரு அட்டாச்மென்ட், ரைட்டிங் சாம்பிள்னு பேர் போட்டு, தொறந்து பாத்தா ஜட்ஜுக்காக அவ எழுதின நோட்டு, கேஸ் நம்பரோட!

"இத மொதல்ல எடும்மா" ன்னேன்.

"நான் எழுதினதுதானக்கா?"

எழுதினது அவதான், ஆனா சேம்பருக்குள்ள, ஜட்ஜோட ஆபீஸ்ல, எழுதின எதுவும் வெளிய போகக் கூடாது. அதுக்குப் பதிலா ஏற்கெனவே லா ஜர்னல்ல ரிப்போர்ட் ஆன, உங்க சேம்பருக்கு சம்பந்தமில்லாத தீர்ப்பு ஒண்ண எடுத்து நாலு பக்கத்துக்கு கேஸ் நோட் எழுதுங்க, பொங்கல் லீவுல உக்காந்தா முடிஞ்சிடும்.

என்ரோல்மென்ட், அதாவது பார் கவுன்சில்ல வக்கீலாப் பதிவு பண்றது, அதையும் இப்பவே பாத்துடுங்க. 2024 ஜூலை 30 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் அதுக்கு ஃபீஸ் ஜெனரலுக்கு 750 ரூபாய், எஸ்சி எஸ்டிக்கு 125, அதனால பணத்துக்காகத் தள்ளிப் போட வேண்டியதில்ல. வக்கீலா பிராக்டிஸ் பண்ண பாஸ் பண்ண வேண்டிய பார் எக்ஸாம் 2024ல டிசம்பர்லயும் 2025ல நவம்பர்லயும் வந்துச்சு. கிளர்க்கா இருக்கறப்ப பிராக்டிஸ் பண்ணக் கூடாது, அந்த ஜட்ஜ் முன்னாடி அப்புறம் ஆஜராகறதுக்கு ஏதாவது கண்டிஷன் இருந்தா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்லயே இருக்கும், எடுத்துப் படிங்க.

சிவில் ஜட்ஜ் ஆகணும்னு ஆசை இருக்கறவங்க கார்ப்பரேட் டீம் வேணாம், கோர்ட்ல கேஸ் நடத்தற லிட்டிகேஷன் டீம் கேளுங்க. 2025 மே 20 தீர்ப்புல சிவில் ஜட்ஜ் ஆக மூணு வருஷ பிராக்டிஸ் கட்டாயம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, லா கிளர்க்கா இருந்த காலமும் அதுல சேரும்னும் சொல்லியிருக்கு. நம்மள மாதிரி ஊர்ப் புள்ளைங்களுக்கு இது பெரிய விஷயம், ஒரு வருஷம் வீணாப் போச்சேன்னு வீட்ல பொலம்பறவங்ககிட்ட இத எடுத்துச் சொல்லுங்க. கிளர்க்கா இருந்த சர்டிபிகேட்ட மட்டும் கடைசி நாளுக்குள்ள கையில வாங்கிடணும்.

சென்னைல சின்ன ஃபர்முங்க காலியிடம்னு எங்கயும் போர்டு மாட்டறதில்ல, பார்ட்னருக்கு நேரா மெயில் போடுங்க, எந்த மாசம் எந்தத் தேதில இருந்து சேர முடியும்னு முதல் பாராவுலயே எழுதிடுங்க. யாராவது ஒருத்தர வெச்சு சிவிய சரி பாக்கணும்னா எனக்கு அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்துத் தரேன்.