தடைக்காலத்து லீவு

"எங்கப்பா உங்களுக்கெல்லாம் நல்ல மொதலாளிண்ணா. எனக்கு ஒரு மே மாசம்கூட அப்பாவா இருந்ததில்ல." முதலாளியின் காரியம் முடிந்த அன்று அவர் மகன் என்னிடம் சொன்னது. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு ரிப்பேருக்கு லேத் பட்டறை வைத்தவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த மே மாதக் கணக்கு தெரியும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகின் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் வளைந்திருந்தால் நிமிர்த்துவது, அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுவது எல்லாம் அப்போதுதான். 45 நாளாக இருந்த தடை 2017-ல் 61 நாளானது, ஜூன் 14 வரைக்கும். வேலை கொஞ்சம் பரவும் என்று பார்த்தோம், இல்லை. கையில் காசில்லாத போட்டுக்காரர்கள் கடைசி வாரங்களில்தான் வருவார்கள். பள்ளிக்கூட லீவும் அதே நாட்கள்தான்.

காசு வராமலே முதலாளி வேலையை முடித்துக் கொடுப்பார். "கடலுக்குப் போனாத்தானே குடுப்பான்? ஷாஃப்ட் இங்க கெடந்தா எப்பிடிப் போவான்?" இதில் தொழில் கணக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போன வருஷத்துப் பாக்கியைத் தராதவனின் ஷாஃப்டையும் இந்த வருஷம் லேத்தில் ஏற்றுவாரே, அதற்கு என்ன பெயர்?

உன் காலேஜ் ஃபீஸ் அந்த மே மாதங்களில் வந்ததுதான் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனால் முதலாளி ஒருநாளும் பிள்ளையிடம் செலவைச் சொல்லிக் காட்டியதில்லை. அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?

லீவில் அவன் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வருவான். வாசலிலேயே வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார். லேத் ஓடும்போது இரும்புச் சுருள் கத்தி மாதிரி தெறிக்கும். பிள்ளை பக்கத்தில் வரக்கூடாது என்ற பயம் அவருக்கு. பையனுக்கு அது விரட்டுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

அவனிடம் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. என் மகள் சின்னவளாக இருந்தபோது மே மாதம் மாமியார் ஊருக்குப் போக என்னை அவரேதான் அனுப்புவார். "கொழந்த லீவு திரும்ப வருமா? போய்ட்டு வா." அந்த நாட்களில் என் லேத்திலும் அவரே நின்றார். உழைக்கிறவன் லீவு எடுத்ததில் தப்பில்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் என் மகளுக்குக் கிடைத்த அப்பா இந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை. முதலாளி அதைத் தெரிந்தேதான் செய்தாரா? இருக்காது என்று சொல்லிக்கொள்கிறேன். தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

பட்டறையை எடுத்து நடத்தலாமா என்று என்னைத்தான் கேட்டிருக்கிறான். அவனுக்கும் ஒன்றாம் வகுப்பில் பையன் இருக்கிறான். நடத்து என்றால் என் பிழைப்புக்காகச் சொன்னதாகும். வேண்டாம் என்றால் முதலாளியை விட்டுக்கொடுத்ததாகும். இன்னும் பதில் சொல்லவில்லை.