அது ஆயில் இல்லை

போன மாதம் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். சேலத்தில் கோரிமேடு தாண்டியதுமே வண்டி இழுக்கத் திணறியது. என்னுடையது 1996 மாடல் மாருதி 800, பழையதுதான், ஆனால் சமவெளியில் இப்படித் திணறியதே இல்லை. அடிவாரம் வரும்போது கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டும் கை வைக்க முடியாத சூடு. பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. அரை மணி நேரம் நிறுத்தியதும் தானாக விட்டது, ஒரு கிலோமீட்டர் போனதும் திரும்பவும் பிடித்துக்கொண்டது.

தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன், பைக்கில் வந்தார். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினார். மூடிக்குள் இருக்கும் ரப்பர் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பிக்கிடந்தது, திரும்பப் பொருந்தவே இல்லை. என்னுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கி, அதன் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டப்பாவில் இருந்து நாலு சொட்டு எடுத்து விட்டார். நாலு சொட்டும் மேலே மிதந்தது.

"தம்பி, உள்ள இருக்கிறது பிரேக் ஆயில் இல்ல. நெசமாவே ஆயில்."

பத்து நாளைக்கு முன்னால் ஓர் இடத்தில் சர்வீஸ் விட்டிருந்தேன். "பிரேக் ஆயில் கொறஞ்சிருந்தது, ஊத்திட்டோம் சார்" என்று அங்கே சொன்னார்கள். எந்த டப்பாவில் இருந்து எடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பெயரே ஆயில் என்று இருப்பதால், கைக்கு எட்டிய ஆயிலை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். இந்தப் பெயரை நாம் எல்லோருமே பல வருஷமாகச் சொல்கிறோம், நானும் இனிமேல் சொல்லத்தான் போகிறேன், ஆனால் அது ஆயில் இல்லை என்பது மட்டும் மனதில் இருக்க வேண்டும். நம் கார்களுக்குரிய பிரேக் ஆயில் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம், தண்ணீரோடு நன்றாகக் கலந்துவிடும். பிரேக்கில் திரவம் கசியாமல் தடுக்கும் ரப்பர் கப்புகளும் சீல்களும் அதற்கென்றே செய்யப்பட்டவை. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ பட்டால் அந்த ரப்பர் ஊறி வீங்கும். பெடலை மிதித்ததும் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் வீங்கிய கப், திரவம் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளையை அடைத்துவிடும். பெடலில் இருந்து காலை எடுத்தாலும் அழுத்தம் இறங்காது. சூடு ஏற ஏற திரவம் விரியும், பிரேக் இன்னும் இறுகும். எனக்கு நடந்தது அதுதான். அண்ணன் சக்கரத்தின் பக்கம் திரவத்தை வெளியே விடும் நிப்பிளை லேசாகத் தளர்த்தி அழுத்தத்தை விட்டதும் சக்கரம் சுற்றியது. பிறகு கட்டி இழுத்துக்கொண்டு போனோம்.

இதற்குச் சின்ன வைத்தியம் கிடையாது. டப்பாவை மட்டும் கழுவிவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் கிட், பின் சக்கர வீல் சிலிண்டர் கப், முன் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரின் சீல், ரப்பர் ஹோஸ், மூடி ரப்பர் எல்லாமே மாற்ற வேண்டும், இரும்புக் குழாய்களைக் கழுவ வேண்டும். ஆயிலில் ஊறிய ரப்பர் பழைய நிலைக்கு வராது.

சரி, எந்த வகை ஊற்றுவது, எதோடு எதைக் கலக்கலாம்? பெரும்பாலான பழைய மாருதிகளில் மூடியிலேயே டாட் 3 (DOT 3) என்று இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரத்தைச் சொல்லும் குறியீடு. டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு 140 வரையாவது தாங்க வேண்டும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. இரண்டுமே கிளைக்கால் வகை, அதனால் கலந்தால் கெட்டுப்போகாது, தாங்கும் சூடு மட்டும் நடுவில் எங்கோ நிற்கும். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், நான் அதைத்தான் ஊற்றுகிறேன். டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 ஊற்றுவது மட்டும் வேண்டாம்.

குழப்பம் வருவது 5-இல்தான். டாட் 5.1 என்பது இதே கிளைக்கால் குடும்பம், 3, 4 இரண்டோடும் சேரும். வெறும் டாட் 5 என்பது சிலிக்கோன், ஊதா நிறத்தில் இருக்கும், இவற்றில் எதோடும் கலக்கக் கூடாது. எண் கூடினால் நல்லது என்று நினைத்து ஆன்லைனில் டாட் 5 வாங்கிவிடாதீர்கள். சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டை அரிக்காது, அதனால் வெளிநாட்டில் பழைய கார்களைப் பாதுகாத்து வைக்கிறவர்கள் சிலர் விரும்புகிறார்கள். ஆனால் உறிஞ்சாததால், உள்ளே போன தண்ணீர் கேலிப்பர் மாதிரி தாழ்ந்த இடத்தில் தனியாகத் தேங்கும். துரு பிடிக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கும். காற்றுக் குமிழி தங்குவதால் பெடலும் பொதபொதவென்று இருக்கும்.

அதற்காகக் கிளைக்கால் வகையை ஊற்றிவிட்டு மறந்துவிட முடியாது. அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும், சென்னை மாதிரி கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். ஐந்தாறு வருஷம் மாற்றாத வண்டியில் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே மிதித்து இறங்கினால், உள்ளே கொதித்து ஆவியாகி பெடல் தரை வரை போய்விடும். ஆயில் அளவு சரியாக இருக்கும், பிரேக் இருக்காது. மேலே ஏறும்போது பிடித்துக்கொண்ட என் வண்டியைவிட இது எவ்வளவோ மோசம். அதனால் எந்த பிராண்ட் என்று அலசுவதை விட, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் இறக்கிப் புதிது ஊற்றி ஏர் எடுப்பது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது, முக்கியம். மலை இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.

பழைய கார் வாங்கினால் முன்பு இருந்தவர் என்ன ஊற்றினார் என்று விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அவருக்கே தெரிந்திருக்காது. மூடி ரப்பரைப் பாருங்கள், தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். கலந்தால் கிளைக்கால், மிதந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். போன வருஷம் திறந்து பாதி மீந்துபோன பாட்டிலையும் ஊற்றாதீர்கள், அது ஈரம் குடித்திருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நான் இப்போது புது டாட் 4 பாட்டில் ஒன்றை, சீல் பிரிக்காமல், டிக்கியில் வைத்திருக்கிறேன். சர்வீஸ் விடும்போது அதை அவர்கள் கையில் கொடுத்து, குறைந்திருந்தால் இதையே ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு, பிரிக்கும்போது பக்கத்தில் நிற்கிறேன்.