ஒரு ட்யூப் க்ரீமுக்காக மூணு தடவை தர்மபுரிக்கு அலைஞ்சேன்

தங்கச்சி கல்யாணத்துக்காக பார்லர்ல மேல்தோலை உரிச்செடுக்கிற பீலிங் பண்ணிக்கிட்டேன். பத்து நாள்ல கன்னத்துல கருப்பு தட்டுச்சு. பாலக்கோட்டுல ஒரு மெடிக்கல்ல போய்ச் சொன்னேன். சீட்டுகூடக் கேக்காம ஒரு ட்யூப்பை எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டே வாரத்துல முகம் பளபளன்னு ஆச்சு. நிறுத்தின மூணாம் நாள் சிவந்து போய், பச்சத் தண்ணி பட்டாலே எரிஞ்சது. திரும்பப் போட்டா அடங்கும், விட்டா எரியும். மூணு மாசம் இப்படியே போச்சு.

தர்மபுரிக்கு பஸ் ஏறி தோல் டாக்டரைப் பார்த்தேன். "என்னம்மா போட்டீங்க?"ன்னு கேட்டாங்க. வெள்ளை க்ரீம்னு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சது. ட்யூப்பை எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை ட்யூப்போட போனேன், அன்னிக்கு டாக்டர் லீவு. தயவுசெஞ்சு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, போட்டது எல்லாத்தையும் அட்டைப்பெட்டியோட எடுத்துட்டுப் போங்க.

மூணாவது தடவைதான் விஷயம் தெரிஞ்சது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூணும் கலந்த க்ரீம் அது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு, சிவப்பையும் அரிப்பையும் சட்டுனு அடக்குற மருந்து. மேல்தோல்ல செல்லுக்கு நடுவுல இருக்கிற கொழுப்புதான் ஈரத்தை உள்ள பிடிச்சு வைக்குமாம். பீலிங் அந்த அடுக்கை உரிச்சிருக்கு. ஸ்டீராய்டு அந்தக் கொழுப்பு ஊறவிடாம தோலையே மெலிசாக்கியிருக்கு. பெட்டியில சிவப்புக் கோடு போட்டு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அச்சடிச்சிருக்கு. அதை மூணு மாசமா நானும் படிக்கல, வித்தவரும் சொல்லல. இன்னும் ஆத்திரமா வருது.

எனக்கு வேற மருந்து குடுத்து ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாங்க. ஸ்டீராய்டை நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க. சோப்பை விடச் சொன்னாங்க: தோல் லேசான புளிப்புத்தன்மை உள்ளது, பி.எச்.ங்கிற புளிப்பு அளவுல 5 பக்கம், சோப்பு 9, 10. எண் குறையக் குறைய புளிப்பு கூடும். எங்க போர் தண்ணி உப்பு, நுரை வராதுன்னு சோப்பை இன்னும் அழுத்தித் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப ஒகேனக்கல் தண்ணி வர்ற அன்னிக்கு ஒரு குடம் முகத்துக்குன்னே தனியா எடுத்து வச்சுக்கறேன். கழுவினதும் ஈரத்தோடயே வாசலின், வெளிய போனா சன்ஸ்கிரீன். அவ்வளவுதான்.

எலுமிச்சம்பழம் தேய், கடலைமாவு போடுன்னு அத்தை விடவே இல்ல. எலுமிச்சைச் சாறு பி.எச். 2 பக்கம் அத்தே, புண்ணுல ஊத்தற மாதிரின்னு சொன்னப்புறம்தான் விட்டாங்க.

முழுசா அடங்க நாலு மாசம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை சாதாரணமா முகம் கழுவித் துடைச்சேன். எரியல. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.