ஹவாய் 1959: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூலை 26

ஹவாய் பற்றிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1898-இல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அப்புறம் 1959-இல் அமெரிக்க மாநிலமாகும் வரை, அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் ஹவாய்க்கு ஒரே ஒரு பிரதிநிதிதான். அவரும் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. மக்களுக்கு அதிபர் தேர்தலில் வாக்கில்லை. ஆனால் போருக்கு மட்டும் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

ஜூலை 28

1959-இல் இதே நாளில்தான் ஹவாய் மாநிலத்தின் முதல் தேர்தல். காங்கிரஸின் மேலவையான செனட்டுக்கு இரண்டு பேர், ஒரு கீழவை உறுப்பினர், கூடவே ஆளுநரும். செனட்டுக்குப் போன ஹிராம் ஃபாங், சீனாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலியின் மகன். ஹார்வர்டில் சட்டம் படித்தவர், குடியரசுக் கட்சிக்காரர். செனட்டின் முதல் ஆசிய வம்சாவளி உறுப்பினர் அவர்தான். இன்னொரு இடம் முன்னாள் ஆளுநர் ஓரன் லாங்குக்கு. கீழவைக்கு 34 வயது டேனியல் இனோயே. செனட்டுக்கு நிற்க நினைத்தவர், தன் ஜனநாயகக் கட்சியின் பெரியவர்களுக்கு வழிவிட்டுக் கீழவைக்கு நின்றார்.

ஜூலை 30

ஜான் பர்ன்ஸை நினைத்தால் மனசு ஆறவில்லை. மாநிலமாவதற்கு முன் கடைசி ஓட்டில்லாப் பிரதிநிதி அவர்தான். 1958-இல் அலாஸ்கா முதலில் மாநிலமாகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். உள்ளூரில் கடும் வசவு. ஆனால் அலாஸ்கா நுழைந்த பிறகு ஹவாயைத் தடுக்கச் சாக்குக் கிடைக்கவில்லை. மறு ஆண்டே கதவு திறந்தது. அந்த முதல் தேர்தலில் ஆளுநர் பதவிக்கு நின்ற பர்ன்ஸ், வில்லியம் குவினிடம் தோற்றுப்போனார்.

ஆகஸ்ட் 2

1959 ஜூன் 27 வாக்கெடுப்பில் மாநிலமாக வேண்டும் என்றவர்கள் 17-க்கு 1 என்ற அளவில் இருந்தார்கள். மறுத்தது ஒரே ஒரு வாக்குச்சாவடி: பூர்வகுடிகள் வாழும் நீஹாவ் தீவு. ஹவாய் முன்பு தனிநாடு; 1893-இல்தான் அதன் அரசி லிலியுகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஆனால் 1959 வாக்குச்சீட்டில் தனிநாடு என்ற தெரிவே இல்லை. ஃபாங், இனோயே வெற்றியைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 24

1959-இல் இனோயே பதவியேற்ற நாள். 'வலது கையை உயர்த்துங்கள்' என்றார் சபாநாயகர் சாம் ரேபர்ன். அந்தக் கை இல்லை. 1945-இல் இத்தாலிப் போர்முனையில் போய்விட்டது. இனோயே இடது கையை உயர்த்தினார். 1941-இல் ஹவாயின் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பிறகு, ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்பதாலேயே இவரைப் போன்ற இளைஞர்களைப் படையில் சேர்க்க முதலில் மறுத்தது அரசு. அந்தத் தலைமுறையில் ஒருவரைத்தான் ஹவாய் தன் முதல் கீழவை உறுப்பினராக அனுப்பியது. அது எனக்குப் பெரிய விஷயம்.

1962-இல் லாங்கின் இடத்துக்கு இனோயே செனட் போனார். அதே ஆண்டு பர்ன்ஸும் குவினை வென்று ஆளுநரானார். அடுத்து அந்தத் தேர்தலைப் படிக்கப்போகிறேன்.