சஃபாரி ராலிக் காருக்குக் கோவில்பட்டிக் கரிசல்: சேறு பூசும் கட்டம்

டாட்சன் 240இசட் காரின் சிற்றுருவ மாதிரியில் வண்ண வேலை முடிந்துவிட்டது. சிவப்பு உடல், பளபளப்பில்லாத கறுப்பு பானெட், கதவில் 11 என்ற எண். 1971 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் எட்கர் ஹெர்மனும் ஹான்ஸ் ஷுல்லரும் வென்ற கார் இது. அளவு 24-இல் ஒரு பங்கு. அலமாரியில் வைக்க இதுவே போதும் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சேறு படாத சஃபாரி கார் என் கணக்கில் பாதிக் கார்தான்.

இந்தப் பந்தயத்தில் வெற்றியையும் தோல்வியையும் பெரும்பாலும் தீர்மானித்தது தரை. 1953-இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டலை ஒட்டி, ‘கொரோனேஷன் சஃபாரி’ என்ற பெயரில் கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) மண்ணில் அது தொடங்கியது. கடையில் வாங்கிய கார்களைப் பெரிய மாற்றம் இல்லாமல் ஓட்ட வேண்டும். பிரிவுகளைக்கூட எஞ்சின் அளவை வைத்துப் பிரிக்காமல் காரின் விலையை வைத்துப் பிரித்தார்கள். 1960-இல் பெயர் ‘கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி’ ஆனது. பிறகு ஈஸ்டர் விடுமுறையே அதன் காலம் என்று நிலைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நெடுமழை இறங்கும் பருவமும் அதுதான். ஒரே ராலியில் காலையில் புழுதி, மாலையில் கார் மூழ்கும் சேறு. 1963-இல் புறப்பட்ட 84 கார்களில் 7 மட்டுமே முடித்தன. 1968-இல் 93 புறப்பட்டு மீண்டும் 7. இரண்டு முறையும் வென்றவர் பெஜோ 404 ஓட்டிய நிக் நோவிக்கி. இந்த எண்களைப் படித்த பிறகு பளபளக்கும் மாதிரியை என்னால் பார்க்கவே முடியவில்லை.

அங்கே முக்கியமாக இரண்டு வகை மண். ஒன்று ‘மர்ரம்’ (murram) எனப்படும் சிவப்புச் சரளை. பெரும்பாலான மண்சாலைகள் அதில் போட்டவை. மற்றொன்று நைரோபியை ஒட்டிய ஆத்தி சமவெளி போன்ற இடங்களில் பரந்து கிடக்கும் கருமண். நம் கரிசலும் அதே வகைதான்: களிமண் மிகுந்தது, நனைந்தால் உப்பிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கடையில் குப்பியில் விற்கும் சேற்று வண்ணங்களை ஒதுக்கிவிட்டு, கோவில்பட்டிப் பக்கமிருந்து கரிசலும் புதுக்கோட்டையிலிருந்து செம்புறாங்கல் தூளும் வரவழைத்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த முடிவு இதுதான்.

மண்ணை அப்படியே பூச முடியாது. வாணலியில் வறுத்து ஈரத்தையும் வேர்த்துண்டுகளையும் போக்கி, கல்வத்தில் அரைத்து, மெல்லிய துணியில் இருமுறை சலித்தேன். இந்த அளவு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது உண்மையில் 24 மில்லிமீட்டர் கூழாங்கல். ஆகவே விரலிடுக்கில் மாவுபோல் வழுக்கும்வரை அரைக்க வேண்டும். ஆனால் சக்கர வளைவுக்குள் அப்பும் சேற்றுக்குக் கொஞ்சம் கரகரப்பு வேண்டும் என்பதால் சலிப்பில் தங்கியதைத் தனியே எடுத்து வைத்தேன்.

உதிரிப் பிளாஸ்டிக் துண்டுகளில் சோதித்ததில் தெரிந்தவை: கரிசலோடு நீர்த்த ஃபெவிகாலும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் சேர்த்தால் நன்றாகப் பரவுகிறது. தடிமனாக வைத்தால் காயும்போது தானே வெடிக்கிறது. வெடிப்பின் அகலம்தான் அளவுக்குப் பொருந்த வேண்டும். மெல்லிய பூச்சை இரண்டு மூன்று முறை கொடுத்தால் மயிரிழை வெடிப்பாக வருகிறது. மேலே வார்னிஷ் அடித்ததும் எந்த மண்ணும் ஒரு படி கருத்துவிடும் என்பதால், வேண்டிய நிறத்தைவிட வெளிறிய கலவையிலிருந்து தொடங்குவது நல்லது.

செம்மண் விஷயம் இன்னும் நுட்பமானது. சிவப்புக் காரில் சிவப்புப் புழுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய வண்ணப் படங்களைக் கூர்ந்து பார்த்தால், காரில் படிந்த புழுதி சிவப்பாக இல்லாமல் வெளிறிய காவியாகத்தான் இருக்கிறது. முகப்பூச்சு டால்கம் பவுடரைச் சிறிது கலந்ததும் அந்த நிறம் கிடைத்தது. மென்தூரிகையால் தூவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுவிட்டால் ஒட்டிக்கொள்கிறது.

எங்கே பூசுவது என்பதற்குக் காரின் ஓட்டம்தான் வழிகாட்டி. முன்சக்கரம் வாரி இறைப்பது கதவின் கீழ்ப்பாதியில் வில்லாக விழும். ஓடும் காரின் பின்னால் காற்று உறிஞ்சுவதால், சரிந்த பின்கதவில் புழுதி மற்ற இடங்களைவிடக் கனமாகப் படியும். முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த வளைவுகள் தெளிவாக இருக்க வேண்டும். டேப்பை அந்த வடிவில் வெட்டி ஒட்டிவிட்டுப் புழுதி தூவினேன், எடுத்ததும் சரியாக வந்தது. கறுப்பு பானெட்டில் மட்டும் கையை அடக்கினேன். வெயில் கண்ணில் எதிரொளிக்காமல் இருக்கத்தான் அந்த மங்கல் கறுப்பு. அது பார்வைக்குத் தெரிய வேண்டும்.

வேலைக்கு நடுவே சேகர் மேத்தாவைப் பற்றி நிறையப் படித்தேன். 1971-இல் இதே வகைக் காரில் இரண்டாவதாக வந்தவர். உகாண்டாவில் பிறந்தவர், 1972-இல் இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றியபோது கென்யாவுக்கு வந்துவிட்டார். அடுத்த ஆண்டே 240இசட்டில் சஃபாரியை வென்றார். உலக ராலி சாம்பியன்ஷிப் தொடங்கிய 1973 அது. அவரும் ஸ்வீடனின் ஹாரி ஷெல்ஸ்ட்ரோமும் தண்டனைப் புள்ளிகளில் சமமாக நின்றார்கள். சமநிலையை உடைக்கும் விதி மேத்தாவின் பக்கம் விழுந்தது. அப்போதைய முறையே அப்படி: 5000 கிலோமீட்டருக்கு மேல் திறந்த சாலை, எதிரே லாரியும் மாடும் வரும், சாவடிக்குச் சாவடி குறித்த நேரத்துக்குத் தாமதமான நிமிடங்கள் புள்ளிகளாகும். பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை வென்று, மொத்தம் ஐந்து வெற்றிகளை அவர் எட்டினார்.

அவருக்கு முன்னோடி கெரிச்சோவில் பிறந்த ஜோகிந்தர் சிங். 1965-இல் தம்பி ஜஸ்வந்துடன் பழைய வால்வோ பிவி544 ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டி வென்றார். 1974-லும் 1976-லும் மிட்சுபிஷி லான்சரில் மீண்டும் வெற்றி. வெளிநாட்டிலிருந்து வந்த ஓட்டுநர் முதன்முதலாக வென்றது 1972-இல்தான்: ஃபோர்டு எஸ்கார்ட்டில் ஹன்னு மிக்கோலா. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளூர்க்காரர்களே வென்றதற்கு, எந்தத் திருப்பத்தில் எந்த மண் இருக்கிறது, மழை பெய்தால் எந்த ஓடை முதலில் நிரம்பும் என்ற அறிவுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரிய தொழிற்சாலைக் குழுக்களின் பணம் அந்த அறிவை எட்டிப் பிடிக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

2002-க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகியிருந்த ராலி 2021-இல் நைவாஷாவை மையமாக வைத்துத் திரும்பியது. இப்போது மூடிய பாதைகளில் கட்டம் கட்டமாக நேரம் எடுக்கிறார்கள். பாதுகாப்புக்கு இதுவே சரி. ஆனாலும் மாவுபோன்ற மென்புழுதிக்குள் இன்றைய கார்கள் புதைந்து நிற்பதைப் பார்க்கையில், அந்தத் தரையின் குணம் மாறவில்லை என்று மனம் நிறைகிறது.

இப்போதைய நிலை: சக்கர வளைவுகளிலும் அடிப்பாகத்திலும் கரிசல் முடிந்து காய்ந்துகொண்டிருக்கிறது. இடப்பக்கக் கதவில் புழுதி வில் முடிந்தது; வலப்பக்கம் பாக்கி. பின்கதவுப் புழுதியைக் கடைசியாக வைத்திருக்கிறேன், கைபட்டால் முதலில் கெடுவது அதுதான். டயரின் பள்ளங்களில் ஈரக் கரிசலைத் திணித்து, தரையைத் தொடும் பரப்பை மட்டும் துணியால் துடைக்க வேண்டும். அதன் பிறகு மங்கல் வார்னிஷ் ஒரு கை. மீதமுள்ள கரிசலை மூடி போட்ட டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்தது ஜோகிந்தரின் வால்வோ.