முழங்காலுக்கு எட்டாத படகு

என் படகை முதல்முறை பார்க்கிறவர்கள் "மீதியை எப்போ கட்டப் போறீங்க?" என்று கேட்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பாதியில் நிறுத்திய மாதிரிதான் இருக்கும். 15 அடி நீளம், கிட்டத்தட்ட தட்டையான அடிப்பாகம். ஆள் ஏறாமல் சும்மா மிதக்கும்போது தண்ணீருக்கு மேலே தெரிகிற பக்கச்சுவர் ஒரு சாணும் நாலு விரலும், அவ்வளவுதான். இதில் நான் சில வருடங்களாக மீன் பிடிக்கிறேன். படகு எனக்குப் பிடித்தும் இருக்கிறது, அதைத் திட்டியும் இருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பக்கம் தாழ்வாக இருப்பதால்தான் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இது போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணமில்லை. எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது படகின் எடையும் அடிப்பாகத்தின் அகலமும்தான். தட்டையான அடி, குறைந்த எடை, இரண்டும் இருந்தால் பக்கச்சுவரை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாலும் ஆழமில்லாத இடத்தில் மிதக்கும். சுவரைக் குறைத்தால் கொஞ்சம் எடை குறைகிறது, அந்த வகையில் மட்டும் ஒரு சின்ன லாபம்.

அப்புறம் எதற்கு இவ்வளவு தாழ்வு? காற்றுக்காக.

என் படகின் பக்கத்தை இன்னொரு சாண் உயர்த்தினால் காற்று மோதும் பரப்பு ஏறத்தாழ 1 சதுர மீட்டர் கூடும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அடிக்கும் சாதாரணக் காற்று அந்தக் கூடுதல் பரப்பைச் சுமார் ஒன்றரை கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் விசை நாலு மடங்கு, அதாவது 6 கிலோ. மோட்டார் ஓடும்போது இதெல்லாம் தெரியவே தெரியாது. ஆனால் மோட்டாரைத் தூக்கிவிட்டு, நீளக் கழியைச் சேற்றில் ஊன்றி, சத்தமில்லாமல் மீன் இருக்கும் பக்கம் படகை நகர்த்திப் பாருங்கள். அந்த 6 கிலோ அரை மணி நேரத்தில் தோளுக்கு வந்துவிடும். உயரமான படகில் ஒருவர் கழி ஊன்றி மூச்சு வாங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, நேராக்கினால் பின்பக்கம் திரும்பிக்கொள்ளும், அதை நேராக்குவதற்குள் மீன் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, மீனைக் கையாள்வது. குனிந்தால் தண்ணீர் கைக்கு எட்டுகிறது. மீனை மேலே தூக்காமலே தூண்டில் முள்ளை எடுத்து அப்படியே விட்டுவிடலாம். திருப்பி விடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. மீன் கண்ணுக்கு இந்தப் படகு அதிகம் தெரியாது என்றும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. நீருக்கடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு மேலே உள்ள உலகம் முழுவதும் சுமார் 97 பாகை கொண்ட ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது, தூரத்தில் தாழ்வாக இருப்பவை அதன் ஓரத்தில் நசுங்கிப்போகும். ஆனால் படகைத் தாழ்வாக வாங்கிவிட்டு, மீனைத் தேட அதன்மேல் மேடை போட்டு ஏறி நிற்கிறோமே! அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

சரி, திட்டுகிற பகுதிக்கு வருகிறேன்.

நீர்மட்டத்தில் என் படகின் பரப்பு ஏறக்குறைய 4.5 சதுர மீட்டர். ஆகவே 45 கிலோ ஏற்றினால் 1 செ.மீ. அமிழும். இரண்டு பேர், பெட்ரோல், ஐஸ் பெட்டி, பேட்டரி என்று 225 கிலோ சேர்ந்தால் 5 செ.மீ. போய்விட்டது. அதுவும் எடை சமமாகப் பரவியிருந்தால்தான். மோட்டார் ஏற்கெனவே பின்னால் தொங்குகிறது, அங்கேயே இரண்டு பேரும் போய் உட்கார்ந்தால் பின்பக்கம் இன்னும் எவ்வளவோ இறங்கும்.

என்னை நனைத்தது இதுதான். நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தவன், முன்னால் ஏதோ மிதக்கிறதே என்று திராட்டிலைச் சட்டென்று மூடினேன். படகு நின்றது, அது கிளப்பிய அலை நிற்கவில்லை. பின்னாலேயே வந்து மோட்டார் மாட்டியிருக்கும் பலகைக்கு மேலாக நிதானமாக ஏறி உள்ளே இறங்கியது. வேறு யாருடைய அலையும் இல்லை, என் அலையேதான். கணுக்கால் வரை தண்ணீர். தரையில் 1 செ.மீ. தண்ணீர் நின்றாலே 40 லிட்டர், அதாவது 40 கிலோ. அது ஒரே இடத்தில் இருக்காது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். என் நண்பர் பதறி எழுந்து என் பக்கம் வரப் பார்த்தார், "உட்காருய்யா!" என்று கத்தியது இன்னும் நினைவிருக்கிறது. பம்ப் ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம் என்று இறைத்துக் கரை சேர்ந்தோம். அன்றிலிருந்து வேகத்தைப் படிப்படியாகத்தான் குறைக்கிறேன்.

தானாகத் தண்ணீர் வடியும் தளம் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் அந்தத் தளம் வெளியே உள்ள நீர்மட்டத்தைவிட மேலே இருந்தால்தான் வடியும். தளத்தை ஏற்றினால் உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சச் சுவரும் குறையும், நிற்கிற ஆளும் உயரமாகி ஆட்டம் கூடும். எடை அதிகமானால் வடிகிற துளை வழியாகவே தண்ணீர் உள்ளே வரும். இதில் புத்திசாலி கட்டுமரம்தான். அதற்குச் சுவரே கிடையாது, ஏறுகிற தண்ணீர் கட்டைகளின் இடுக்கில் இறங்கிவிடும். ஆபத்தானது அரைகுறைச் சுவர், தண்ணீரை உள்ளே விடவும் விடும், பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

ஆள் விழுவதும் அப்படித்தான். விளிம்பு முழங்காலுக்குக் கீழே இருப்பதால் தடுமாறினால் அது தாங்காது, காலைத் தட்டிவிடும். அதனால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை, ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் கில் ஸ்விட்ச் கயிறு எப்போதும் காலில். திரும்ப ஏறுவது சுலபம் என்பது உண்மைதான், ஆனால் பக்கவாட்டில் தொற்றினால் இன்னும் தண்ணீர் புகும், மோட்டாரை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக ஏற வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது எல்லாம் மீன் பிடிக்கும் இடத்தைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது, அங்கே எப்படிப் போவீர்கள் என்று. இடுப்பளவுத் தண்ணீரில் இந்தப் படகு ராஜா. அந்த இடத்துக்கும் படகுத்துறைக்கும் நடுவே ஒரு திறந்த வெளி இருந்தால், அதில் நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் வந்தால், அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும்பும். காலையில் கண்ணாடி மாதிரி இருந்ததைத் தாண்டிப் போயிருப்பீர்கள், மதியம் திரும்பும்போது அதே இடம் வேறு ஆளாக இருக்கும். இப்போதெல்லாம் காற்று ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறேன், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும். பேட்டரியையும் பெட்ரோலையும் நடுவுக்கு மாற்றியாயிற்று. நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டுவதே இல்லை. மூன்றாவது ஆளை ஏற்றுவதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

அடுத்த படகு வாங்கினால் உயரமாக வாங்குவாயா என்று அந்த நண்பர் கேட்டார். பக்கங்கள் இப்படியே இருக்கட்டும். அணியத்திலும், மோட்டார் மாட்டும் பலகையிலும் மட்டும் நாலு விரல் கூட்டிக் கேட்பேன்.